எந்தத் தவறு மலிவு? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பணம், காட்டுயிர், இயந்திரம் என மூன்று துறைகளும் கலந்திருக்கின்றன. துறை வாரியாகப் பிரிக்காமல் வந்த வரிசையிலேயே தருகிறோம். ஒரே கணக்கு பல இடங்களில் தலைகாட்டுவதை வாசகர்களே கவனிப்பார்கள்.

கேள்வி: இயந்திரம் வாங்கக் கடன் தேடுகிறேன். ஒரு நிறுவனம் ஃபிளாட் முறையில் 10 சதவீதம் என்கிறது. வங்கியோ குறையும் நிலுவை முறையில் (மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி) 14 சதவீதம் கேட்கிறது. இரண்டுமே மூன்று ஆண்டுத் தவணை. 10 தானே குறைவு?

பதில்: இல்லை, 14 தான் குறைவு. 1,00,000 கடனுக்கு ஃபிளாட் முறையில் ஆண்டுக்கு 10,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 30,000 வட்டி. அசலோடு சேர்த்து 36 ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,611. முதல் மாதத்திலிருந்தே அசலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஆக, மூன்று ஆண்டுகளில் சராசரியாக உங்களிடம் இருந்த கடன் ஏறக்குறைய பாதிதான். வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போகிறது. குறையும் நிலுவை முறைக்கு மாற்றிப் பார்த்தால் இது ஆண்டுக்கு 17.9 சதவீதம். வங்கியின் 14 சதவீதத்தில் தவணை 3,418, மொத்த வட்டி சுமார் 23,000.

அதோடு விட்டுவிடாதீர்கள். பரிசீலனைக் கட்டணம் என்று 2 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு 98,000 தான் கையில் தருகிறார்கள் என்றால், அந்த 14 சதவீதமும் 15.4 ஆகிவிடும். எக்செலில் ‘ரேட்’ என்ற ஃபார்முலா இருக்கிறது. தவணைகளின் எண்ணிக்கை, கழித்தல் குறியோடு மாதத் தவணை, உண்மையில் கைக்கு வந்த தொகை என்ற வரிசையில் கொடுத்து, வரும் விடையை 12 ஆல் பெருக்குங்கள். கடனோடு கட்டாயமாகத் தலையில் கட்டும் காப்பீட்டையும் கைக்கு வந்த தொகையிலிருந்து கழித்துவிட்டுப் போடுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான், விளம்பரத்தில் இருக்கும் எண்ணை அல்ல. கடைசியாக, 12 மாதம் கட்டியபின் கடனை முழுதாக அடைக்க எவ்வளவு தர வேண்டும் என்பதை இரண்டு இடத்திலும் எழுத்தில் கேளுங்கள். ஃபிளாட் கடன்களில் அந்தத் தொகை பெரும்பாலும் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கேள்வி: எங்கள் ஆலையில் ஒரு பம்ப் எப்போதும் வால்வைப் பாதி மூடியபடியே ஓடுகிறது. வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணு டிரைவ்) போட்டு வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்லும் விதி சரி. மையவிலக்குப் பம்பில் நீரளவு வேகத்தின் விகிதத்திலும், அழுத்தம் வேகத்தின் இருபடியிலும், மின்திறன் வேகத்தின் முப்படியிலும் மாறும். 0.8 இன் முப்படி 0.512. ஆனால் நீர் குழாய்க்குள் சுற்றி வருவதற்கு மட்டும் பம்ப் உழைக்கும் இடத்தில்தான் இது அப்படியே பலிக்கும். நீரை உயரத்துக்குத் தூக்க வேண்டியிருந்தால் கணக்கு வேறு.

ஒரு எடுத்துக்காட்டு. முழு ஓட்டத்தில் பம்ப் 30 மீட்டர் அழுத்தம் தருகிறது. அதில் 20 மீட்டர் வெறும் தூக்குயரம், 10 மீட்டர் குழாய் உராய்வு. வால்வை முழுதாக மூடினால் பம்ப் காட்டும் உச்ச அழுத்தம் 36 மீட்டர் என்று கொள்வோம். ஓட்டத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் உராய்வு 6.4 மீட்டராகும். தூக்குயரமோ அந்த 20 மீட்டரிலேயே நிற்கும். ஆக 26.4 மீட்டர் வேண்டும். அதற்கு வேகத்தை 92 சதவீதம் வரைக்கும்தான் குறைக்க முடியும், 80 வரை அல்ல. அப்போது தேவைப்படும் மின்திறன் முழு ஓட்டத்தில் ஆவதில் 70 சதவீதம், வி.எஃப்.டி.யின் சொந்த இழப்பையும் சேர்த்தால் சுமார் 73. வால்வை மூடி அதே ஓட்டத்தைப் பெற்றால் 86. மிச்சம் இருக்கிறது, ஆனால் விற்பனையாளர் சொன்ன பாதி இல்லை. இதே பம்பில் வேகத்தை 75 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோனால் 20 மீட்டர் உயரத்தையே எட்டாது. நீர் வெளியே வராமல் பம்புக்குள்ளேயே சுழன்று சூடாகும், சீல் கெடும். ‘வி.எஃப்.டி. போட்டபின் பம்ப் அடிக்கடி கெடுகிறது’ என்ற புகார்களில் கணிசமானவற்றுக்கு இதுதான் காரணம். குறைந்தபட்ச வேகத்தை டிரைவிலேயே பூட்டி வையுங்கள்.

விலைப்புள்ளி வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளை எடுங்கள். ஒன்று, ஒரு முழு உற்பத்திச் சுற்றுக்கு ஓட்டத்தை மணிக்கு மணி பதிவு செய்வது. இரண்டு, பம்பை நிறுத்தி, ஓட்டமில்லாத குழாயில் கேஜ் காட்டும் அழுத்தம். தூக்குயரம் அதிலிருந்தே தெரிந்துவிடும், ஆனால் கேஜ் இருக்கும் இடம் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு (நீரைப் பம்புக்குத் திரும்ப விடாத வால்வு) அப்பால் இருக்க வேண்டும். மூன்று, ஆண்டுக்கு ஓடும் மணிநேரம். பதிவைப் பார்க்கும்போது ஓட்டம் எப்போதும் ஒரே குறைந்த அளவில்தான் இருக்கிறது என்றால் வி.எஃப்.டி.யே வேண்டாம். இம்பெல்லரை (பம்புக்குள் சுழலும் சக்கரம்) கடைந்து விட்டத்தைக் குறைத்தால் போதும், செலவு மிகக் குறைவு. ஓட்டம் ஏறி இறங்கினால்தான் வி.எஃப்.டி.க்கு வேலை. எப்போதும் முழு ஓட்டம் என்றால் அதைப் போடுவதே நட்டம், டிரைவின் இழப்பைத் தினமும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வாங்கத் தீர்மானித்துவிட்டால், பழைய மோட்டாரின் சுருள் காப்பு டிரைவின் கூர்மையான மின்னழுத்தத் துடிப்புகளைத் தாங்குமா என்று கேளுங்கள். கேபிள் நீளமாக நீளமாக அந்தத் துடிப்பு மோட்டார் முனையில் எகிறும், ஃபில்டர் தேவைப்படலாம். பெரிய மோட்டாரில் தண்டு வழியே பேரிங்குக்குள் மின்சாரம் பாய்ந்து, ஓடுதளத்தில் வரிவரியாகக் குழி விழும். அதைத் தடுக்க ஒரு முனையில் காப்பிட்ட பேரிங்கும் மறுமுனையில் தண்டை எர்த் செய்யும் வளையமும் வேண்டும். விலைப்புள்ளியில் இவை இல்லையென்றால் அந்த விலைப்புள்ளி முழுமையானதல்ல.

கேள்வி: இரண்டு திட்டங்கள். ஒன்றில் 100 போட்டால் ஓராண்டில் 150 வரும். மற்றதில் 1,000 போட்டால் 1,250. முதலாவதில்தானே வருமான விகிதம் இரண்டு மடங்கு?

பதில்: விகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் வாங்க முடியாது, தொகையை வைத்துத்தான் வாங்க முடியும். உங்கள் பணத்தின் செலவு 10 சதவீதம் என்றால், வரும் தொகையை 1.1 ஆல் வகுத்துப் போட்டதைக் கழியுங்கள்: முதலாவதன் இன்றைய நிகர மதிப்பு 36, இரண்டாவதன் மதிப்பு 136. ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் இரண்டாவது. முதலாவதை ஒரே சமயத்தில் பத்து இடங்களில் செய்ய முடியும் என்றால் மட்டும் பதில் மாறும்.

கேள்வி: இரவில் நடமாடும் ஒரு சிறு பாலூட்டி இருக்கிறதா என்று பார்க்க ஒரு காட்டுத்துண்டில் நான்கு இரவுகள் கேமரா வைத்தோம். ஒரு படமும் இல்லை. அந்த இடத்தில் பணி தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். ‘இல்லை’ என்று அறிக்கை கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ‘பதிவாகவில்லை’ என்று எழுதலாம், ‘இல்லை’ என்று எழுத நான்கு இரவு போதாது.

விலங்கு அங்கே இருந்தாலும் ஓர் இரவில் கேமராவில் சிக்கும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு இரவும் தப்பிவிடும் வாய்ப்பு 0.7 இன் நான்காம் அடுக்கு, அதாவது 24 சதவீதம். நான்கில் ஒரு பங்கு! இந்த எண்ணை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர 9 இரவு வேண்டும். சிக்கும் வாய்ப்பு 20 சதவீதம் என்றால் 14 இரவு, 10 சதவீதம் என்றால் 29 இரவு. சாதாரண கால்குலேட்டரில் 0.05 இன் மடக்கையை (log), தப்பும் வாய்ப்பின் மடக்கையால் வகுத்தால் இந்த எண்கள் வரும்.

இன்னொரு பக்கம், போகும் முன்பே அந்த வாழிடத்தைப் பார்த்து ‘இருக்க 60 சதவீத வாய்ப்பு’ என்று நினைத்திருந்தால், நான்கு வெறும் இரவுகளுக்குப் பிறகும் அந்த வாய்ப்பு 26 சதவீதம் மிச்சமிருக்கிறது. ஒன்பது வெறும் இரவுகளுக்குப் பிறகு 6 சதவீதத்துக்கு இறங்கும். அறிக்கையில் எழுத வேண்டியது இந்த எண். முடிவெடுப்பவர் அதை வைத்துக்கொண்டு யோசிக்கட்டும்.

சிக்கும் வாய்ப்பை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அந்த விலங்கு உறுதியாக இருக்கும் வேறொரு இடத்தில், அதே பருவத்தில், அதே வகைக் கேமராவை அதே உயரத்தில் வைத்து, எத்தனை இரவுக்கு ஒன்றில் பதிவாகிறது என்று பாருங்கள். வேறு பருவத்து எண் உதவாது. ஒரே மரத்தில் கட்டிய ஒரே கேமராவின் ஒன்பது இரவுகளை ஒன்பது தனித்தனிச் சோதனையாக எண்ணுவதும் தவறு. விலங்கின் பாதை அந்த மரத்தைத் தொடவில்லை என்றால் தொண்ணூறு இரவு வைத்தாலும் பதில் ஒன்றுதான். கேமராக்களைப் பரப்பி வையுங்கள், நடுவில் இடம் மாற்றுங்கள். எச்சம், தடம் ஆகியவற்றைச் சேர்க்கலாம், ஆனால் அவற்றில் வேறு விலங்கினுடையதை இதனுடையது என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒரே ஓர் எச்சத்தை மட்டும் நம்பி ‘இருக்கிறது’ என்றும் எழுத வேண்டாம்.

கூடுதல் இரவுகள் தேவையா என்று மேலிடம் முணுமுணுத்தால் திருப்பிக் கேளுங்கள்: கேமராவை இன்னும் இரண்டு வாரம் வைத்தால் பணி இரண்டு வாரம் தள்ளிப்போகும், தவறாக ‘இல்லை’ என்று எழுதினால் வாழிடம் போய்விடும். இதில் எதைத் திருத்த முடியும்?

கேள்வி: 1,000 மோட்டார்களில் அதிர்வு சென்சார் பொருத்தினோம். எச்சரிக்கை வந்ததும் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பேரிங் நன்றாகவே இருக்கிறது. பராமரிப்பு ஆட்கள் சென்சாரை அணைத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: சென்சாரில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை. பழுது அரிதாக வரும் இடத்தில் நல்ல சென்சாரும் இப்படித்தான் நடந்துகொள்ளும். மாதத்தில் 1,000க்கு 10 மோட்டார் பழுதாகும் நிலையில் உள்ளன, சென்சார் அவற்றில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நல்ல மோட்டாரில் 5 சதவீதத்துக்குத் தவறாகக் கத்தும் என்று கொள்ளுங்கள். உண்மை எச்சரிக்கை 9. பொய் எச்சரிக்கை 990இல் 5 சதவீதம், சுமார் 49. மொத்தம் 58 எச்சரிக்கையில் 9 தான் உண்மை. ஆறுக்கு ஒன்றுகூட முழுதாக இல்லை.

அணைப்பதற்கு முன் செலவைப் பாருங்கள். திட்டமிட்டு பேரிங் மாற்ற 1 அலகு, திடீரென்று நின்றால் உற்பத்தி இழப்போடு 8 அலகு என்போம். பழுதின் வாய்ப்பு எட்டில் ஒன்றை, அதாவது 12.5 சதவீதத்தைத் தாண்டினால் மாற்றுவதே லாபம். எச்சரிக்கை வந்த மோட்டாரின் வாய்ப்பு 15 சதவீதம். ஆகவே இத்தனை பொய்க்குப் பிறகும் எச்சரிக்கையைக் கேட்பதே மலிவு. ஒன்றும் செய்யாமல் இருந்தால் மாதச் செலவு 80 அலகு. எச்சரிக்கை வந்த எல்லாவற்றையும் மாற்றினால், தவறவிட்ட ஒன்றையும் சேர்த்து சுமார் 66.

மூன்றாவது வழி இன்னும் நல்லது. எச்சரிக்கை வந்த மோட்டாரை மட்டும் இரண்டாவது முறையில் சோதியுங்கள். சோதனைக்கு 0.1 அலகு, அதே 90, 5 சதவீதத் துல்லியம் என்றால் மாற்ற வேண்டியவை 58இலிருந்து பத்து, பதினொன்றாகக் குறையும்; அவற்றில் நான்கில் மூன்று உண்மையான பழுது. இரண்டு கட்டத்திலும் தவறவிடுவது ஏறக்குறைய இரண்டு. எல்லாம் சேர்த்து மாதச் செலவு 32 அலகுக்கும் கீழே வருகிறது.

ஒரு நிபந்தனை: இரண்டாவது சோதனை வேறு வகையாக இருக்க வேண்டும். அதே சென்சாரின் அதே தரவை இன்னொரு மென்பொருளில் போட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல, ஒரே சாட்சியை இருமுறை விசாரிப்பது. அல்ட்ராசவுண்ட் கருவி, கிரீஸ் மாதிரியில் உலோகத் துகள், வெப்பக் கேமரா ஆகியவற்றில் உங்கள் மோட்டாருக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். முதல் அறிகுறி தெரிவதற்கும் முழுதாக நிற்பதற்கும் இடையே எவ்வளவு காலம் என்பதையும் பதிவேட்டிலிருந்து எடுங்கள். சோதனை இடைவெளி அதில் பாதியைத் தாண்டக் கூடாது.

சிலர் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஆண்டுக்கொருமுறை எல்லா பேரிங்கையும் மாற்றிவிடுகிறார்கள். 1978இல் நவ்லன், ஹீப் என்ற இரு விமானப் பராமரிப்புப் பொறியாளர்கள் வெளியிட்ட அறிக்கையில், விமான உறுப்புகளில் வயது ஏற ஏறப் பழுது கூடும் வகை 11 சதவீதம்தான் என்று கண்டார்கள். பெரும்பான்மை உறுப்புகளில் பழுது கூடுதலாக இருந்தது புதிதாகப் பொருத்திய உடனே. நன்றாக ஓடும் பேரிங்கைக் கழற்றுவது, அளவு தவறிய கிரீஸ், கோணலாக இறங்கிய பேரிங், அலைன்மென்ட் விலகல் என்று புதுப் பழுதுகளை உள்ளே அழைப்பது.

கேள்வி: ஒரு முதலீடு நல்ல ஆண்டில் 50 சதவீதம் ஏறுகிறது, கெட்ட ஆண்டில் 40 சதவீதம் இறங்குகிறது. இரண்டும் சம வாய்ப்பு. சராசரி 5 சதவீத லாபம்தானே? பிறகு ஏன் பணம் கரைகிறது?

பதில்: 100 போட்டால் 150 ஆகி, பிறகு 90 ஆகிறது. வரிசையை மாற்றினாலும் 90 தான். ஆண்டு விகிதங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், இதே முதலீட்டில் உங்கள் பணத்தில் கால் பங்கை மட்டும் போட்டு, ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் மீண்டும் கால் பங்காகச் சரிசெய்து வந்தால் பணம் வளரும்: 1.125 ஐ 0.9 ஆல் பெருக்கினால் 1.0125. 1956இல் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி தந்த சூத்திரம் இந்தக் கால் பங்கைத்தான் தருகிறது. ஆனால் அது வாய்ப்புகள் துல்லியமாகத் தெரிந்தவர்களுக்கு. நிஜத்தில் யாருக்கும் தெரியாது என்பதால் அதிலும் பாதி, எட்டில் ஒரு பங்கு, போடுவது நல்லது. வளர்ச்சியில் நான்கில் மூன்று கிடைத்துவிடும், ஏற்ற இறக்கம் பாதியாகும். சூத்திரம் சொல்வதைவிட இரண்டு மடங்கு போட்டால் வளர்ச்சி ஏறக்குறைய பூஜ்யம். அதிகம் போடும் தவறு, குறைவாகப் போடும் தவறைவிட எப்போதும் கடுமையாகத் தண்டிக்கும்.

கேள்வி: ஓர் இனத்தில் இருபத்தைந்துக்கும் குறைவான விலங்குகளே மிஞ்சியிருப்பதாகக் கணிக்கிறோம். பிடித்துக் காப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யலாம் என்கிறது ஒரு தரப்பு. இன்னும் மூன்றாண்டு ஆய்வு செய்துவிட்டு முடிவெடுக்கலாம் என்கிறது மறுதரப்பு.

பதில்: ஆய்வு கேட்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி வையுங்கள். ‘ஆய்வில் என்ன எண் வந்தால் பிடிப்பீர்கள், என்ன எண் வந்தால் பிடிக்க மாட்டீர்கள்?’ இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் அது ஆய்வல்ல, ஒத்திவைப்பு.

கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகள் 1982இல் 22 தான் இருந்தன. எல்லாவற்றையும் பிடிப்பதா கூடாதா என்ற சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, 1984-85 குளிர்காலத்தில் காட்டில் எஞ்சியிருந்த பதினைந்தில் ஆறு மறைந்தன. அதன் பிறகுதான் எல்லாவற்றையும் பிடிப்பது என்று முடிவானது. 1987இல் கடைசிப் பறவையையும் பிடித்தபோது மொத்தம் 27. 1992இல் மீண்டும் காட்டில் விடத் தொடங்கினார்கள். இன்று காட்டிலும் காப்பகத்திலுமாக ஐந்நூறுக்கு மேல். ஈய நஞ்சு இன்னும் அவற்றைக் கொல்கிறது, ஆகவே கதை முடிந்துவிடவில்லை. ஆனால் இனம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் வாழ்ந்த பிப்பிஸ்ட்ரெல் வௌவாலுக்கு அது வாய்க்கவில்லை. எண்ணிக்கை சரிவது பல ஆண்டுகளாகவே தெரியும். பிடித்துக் காப்பகத்தில் வளர்க்க 2009 நடுவில்தான் அனுமதி வந்தது. குழு போனபோது ஒரே ஒரு வௌவாலின் ஒலி மட்டும் கருவியில் கேட்டது. அதையும் பிடிக்க முடியவில்லை. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு எதுவும் பதிவாகவில்லை. 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். அது அழிந்ததாக அறிவித்தது.

உங்கள் எண்ணிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மரபணு வளத்துக்குத் தலை எண்ணிக்கை போதாது, ஆண் பெண் விகிதமும் வேண்டும். 10 ஆண், 40 பெண் என்றால் பயனுள்ள எண்ணிக்கை (மரபணு வளத்தைக் காப்பதில் எத்தனை விலங்குக்குச் சமம் என்பது) நான்கை ஆணாலும் பெண்ணாலும் பெருக்கி மொத்தத்தால் வகுத்தது: 1,600ஐ 50 ஆல் வகுக்க 32. உங்களிடம் 4 ஆண், 20 பெண் என்றால் 13 தான். தலைமுறைக்கு மரபணு வேறுபாட்டில் அதன் இருமடங்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 4 சதவீதம் கழியும். உட்கலப்பின், அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுவதன், கேட்டைத் தவிர்க்கக் குறுகிய காலத்துக்கு 50 வேண்டும் என்று 1980இல் ஃபிராங்க்ளின் முன்வைத்த அளவை 2014இல் வேறு ஆய்வாளர்கள் 100 ஆக உயர்த்தக் கேட்டார்கள். எந்த அளவை எடுத்தாலும் நீங்கள் ஏற்கெனவே கோட்டுக்குக் கீழே.

பிடிப்பதும் ஆபத்துதான். துரத்திப் பிடித்த விலங்கு தசைச் சிதைவால் சில நாளில் இறக்கலாம். காப்பகத்தில் தொற்று ஒன்று மொத்தத்தையும் அழிக்கலாம். எனவே இன்றே செய்யக்கூடியது, முடிவெடுக்கும் முன்பே தயாராவது. கூண்டு, கால்நடை மருத்துவர், தனித்தனியாக இரண்டு இடம், அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே முடித்து வையுங்கள். ஆபத்தில் இல்லாத நெருங்கிய இனத்தில் பிடிப்பதையும் வளர்ப்பதையும் பழகுங்கள். பிறகு, எந்த எண்ணுக்குக் கீழே போனால் மறுவிவாதமின்றிப் பிடிப்பது என்பதைத் தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். அந்த எண், பிடிப்பில் சில இறந்தாலும் காப்பகக் கூட்டம் தொடங்கப் போதுமானதாக இருக்க வேண்டும். உங்கள் நிலையில் அந்த எண் ஏற்கெனவே கடந்துபோனதாக இருக்கலாம் என்பது எங்கள் கருத்து. ஆய்வு தொடரட்டும், காட்டில் அவை ஏன் குறைகின்றன என்று தெரியாமல் திரும்ப விட முடியாது. ஆனால் அது பிடிப்போடு சேர்ந்து நடக்க வேண்டியது, பிடிப்புக்கு முன் அல்ல.

கேள்வி: தானியங்கி வரிசை ஒன்றுக்கு இதுவரை 60 செலவாகிவிட்டது. முடிக்க இன்னும் 50 வேண்டும். முடித்தால் 45 மதிப்புள்ள பயன்தான் கிடைக்கும் என்று இப்போது தெரிகிறது. பாதியில் விட மனம் வரவில்லை.

பதில்: 60 இரண்டு வழியிலும் போனதுதான், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 50 கொடுத்து 45 வாங்குவதா என்பது மட்டுமே கேள்வி. நிறுத்தி, வாங்கிய ரோபோ கையையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் விற்று 10 வந்தால், தொடர்வதன் நட்டம் 5 அல்ல, 15. ஆனால் அந்த 45ஐ யார் மதிப்பிட்டார்கள் என்று ஒருமுறை பாருங்கள். திட்டத்தைத் தொடங்கியவரே மதிப்பிட்டிருந்தால் உண்மை அதைவிடக் குறைவாகவே இருக்கும். வெளியாள் ஒருவரிடம், இதுவரை ஆன செலவைச் சொல்லாமல், மறுமதிப்பீடு கேளுங்கள்.